ஹாங்காங்–சிகாகோ சரக்கு: நேரே பறப்பதா, ஆங்கரேஜில் இறங்கிப் போவதா?

ஹாங்காங்கில் ஒரு போயிங் 777 சரக்கு விமானம் நிற்கிறது. சரக்கு போய்ச் சேரவேண்டிய இடம் சிகாகோ. நேரே பறந்தால் சுமார் 12,520 கிலோமீட்டர். அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போனால் சுமார் 12,730. இருநூறு கிலோமீட்டர்தான் கூடுதல், அதாவது கால் மணி நேரப் பறப்பு. தட்டையான வரைபடத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்ப முடியாத கணக்கு. வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து ஹாங்காங்கில் ஒரு முனை, சிகாகோவில் மறுமுனை வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக் கடலின் நடுவே போகாது. சைபீரியா வழியாக ஏறி, ஆர்க்டிக்கைத் தொட்டு, கனடா வழியாக இறங்கும். அந்த வளைவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது ஆங்கரேஜ்.

ஆகவே தூரம் இங்கே பிரச்சினையே இல்லை. விமான நிறுவனமோ, விமானத்தை மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் சரக்கு முகவரோ முடிவு செய்யவேண்டியது ஒன்றுதான்: நிற்காமல் போய் நேரத்தை மிச்சப்படுத்துவதா, நின்று போய் எடையைக் கூட்டுவதா?

முதலில் எடை. 777 சரக்கு விமானத்தின் அதிகபட்ச டேக்-ஆஃப் எடை சுமார் 348 டன். வெறும் விமானம் மட்டும் சுமார் 144 டன் வரும். மீதி 200 டன்னைச் சற்றுத் தாண்டும். அதற்குள்தான் எரிபொருளும் சரக்கும் இடத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சரக்கு அதிகபட்சம் 102 டன். அதை முழுதாக ஏற்றினால் எரிபொருளுக்கு ஏறக்குறைய 100 டன் மிஞ்சும். அந்த நிலையில் விமானம் சுமார் 9,200 கிலோமீட்டர் போகும் என்பது போயிங் சொல்லும் கணக்கு. சிகாகோ அதற்கும் அப்பால் வெகு தொலைவில் இருக்கிறது. நேரே போகவேண்டும் என்றால் எரிபொருளைக் கூட்டி, சரக்கைக் குறைக்க வேண்டும். காற்று, சிகாகோவில் இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போகத் தேவையான எரிபொருள் இருப்பு எல்லாம் சேர்த்து என் தோராயக் கணக்கில் 70 முதல் 80 டன் சரக்குதான் ஏறும். 22 முதல் 32 டன் வரை தரையிலேயே நிற்கும்.

போயிங் 747-8 சரக்கு விமானத்தில் இழப்பு இன்னும் பெரிது. 130 டன்னுக்கு மேல் சுமக்கும் அந்த விமானம் முழுப் பாரத்தோடு ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர்தான் போகும். ஹாங்காங்கிலிருந்து ஆங்கரேஜ் 8,160 கிலோமீட்டர். கிழக்கு நோக்கிப் போகும்போது பின்னாலிருந்து தள்ளும் மேல்வானக் காற்று கைகொடுத்தால் சரியாகப் பொருந்தும். ஷாங்காய்க்கு இந்த இறுக்கம் இல்லை, அங்கிருந்து ஆங்கரேஜ் 6,900 கிலோமீட்டர்தான். சியோலின் இன்சியோனிலிருந்து 6,100.

இதோடு இன்னொன்றும் உண்டு. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். நீண்ட பயணத்தில், கூடுதலாகச் சுமக்கும் எடையில் மணிக்கு 3 முதல் 4 சதவீதம் எரிந்துபோகும் என்பது இத்துறையில் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. பதினான்கு மணி நேரப் பயணத்தின் கடைசி மணியில் எரிக்கப்போகும் எண்ணெயை முதல் நிமிடத்திலிருந்தே தூக்கிக்கொண்டு போவதற்குத் தண்டமாகும் எண்ணெய் கொஞ்சநஞ்சம் இல்லை. நடுவில் இறங்கிப் போட்டுக்கொண்டால் அந்தச் செலவு குறைகிறது.

கணக்குக்காகக் கிலோவுக்கு 4 டாலர் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். தரையில் நிற்கும் சரக்கு 25 டன் என்றால் ஒரு லட்சம் டாலர். ஒரு முறை தரையிறங்கும் கட்டணம், தரைச் சேவை, மறுபடி மேலே ஏறும் எரிபொருள், சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் ஒரு கூடுதல் தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்து எதிர்த்தட்டில் வைத்தாலும், சரக்கு நிறைந்து கிடக்கும் காலத்தில் இந்தத் தராசு ஆங்கரேஜ் பக்கமே சாயும்.

அப்படியானால் எல்லோரும் இறங்கித்தானே போகவேண்டும்? இங்கேதான் பலரும் பார்க்காமல் விடும் விஷயம் வருகிறது: சரக்கின் அடர்த்தி.

சரக்கை எப்படி ஏற்றுவது என்று திட்டமிடும் லோட் பிளானிங் மேசையில் உட்காருகிறவருக்கு எடை ஒரு எல்லை, கன அளவு இன்னொரு எல்லை. 777 சரக்கு விமானத்தில் மொத்தம் சுமார் 653 கன மீட்டர் இடம். மேல்தளத்தில் 27 பேலட் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டையான தளம்), கீழே 10. 102 டன்னை 653-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 156 கிலோ. உங்கள் சரக்கு இதைவிட அடர்த்தியாக இருந்தால் இடம் மிச்சமிருக்கும்போதே எடை தீர்ந்துவிடும். இதைவிட லேசாக இருந்தால் எடை மிச்சமிருக்கும்போதே இடம் தீர்ந்துவிடும். விமானச் சரக்கில் லேசான பெட்டிகளின் கன அளவை எடையாக மாற்றி, 6,000 கன செ.மீ.க்கு ஒரு கிலோ என்று பில் போடுகிறோமே, அது கன மீட்டருக்கு 167 கிலோ. இந்த இரண்டு எண்களும் அருகருகே நிற்பதைக் கவனியுங்கள்.

இரண்டு பேலட்டை மனதில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒன்றில் இணையக் கடைகளின் பார்சல்கள். சாம்பல் நிற பிளாஸ்டிக் உறைகள் திணித்த அட்டைப்பெட்டிகள், உள்ளே டி-ஷர்ட், போன் கவர், பொம்மை. கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரத்துக்கு அடுக்கி, மேலே விமானத்தின் வளைவுக்கு ஏற்ப விளிம்பைச் சரித்து, வலை போட்டு இறுக்கித் தராசில் ஏற்றினால் முள் இரண்டு டன்னைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். மற்றதில் மோட்டார் வாகன உதிரிபாகம், சர்வர் பெட்டிகள். இடுப்பளவு உயரத்துக்கு மேல் இரண்டு வரிசைகூட வைத்திருக்க மாட்டார்கள், ஐந்து டன்னைத் தொட்டிருக்கும். அந்த பேலட்டுக்கு உச்சவரம்பே 6,804 கிலோ.

முதல் வகைச் சரக்கு கன மீட்டருக்கு 115 கிலோ என்று வைத்துக்கொண்டால், விமானம் முழுக்க அடைத்தாலும் 75 டன்தான் வரும். நேரே சிகாகோ போகும்போது ஏற்றக்கூடிய அளவும் ஏறக்குறைய அதுவே! அப்படிப்பட்ட சரக்கை ஆங்கரேஜில் இறக்கி எழுப்புவதில் லாபம் மிகக் குறைவு. இரண்டாம் வகை என்றால் நேரே பறப்பது பணத்தைத் தரையில் விட்டுவிட்டுப் போவதற்குச் சமம். "777 நேரே போகும், 747 இறங்கிப் போகும்" என்று விமானத்தை மட்டும் வைத்து விதி எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்கு என்ன சரக்கு வந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நேரத்தைப் பார்ப்போம். ஆங்கரேஜில் இறங்கி எழ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தரையில் போகும். இறங்குவதும் ஏறுவதும் சேர்ந்தால் மொத்தத்தில் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரத் தாமதம். வீட்டுக்குப் போகத் துடிக்கும் பயணிக்கு இது பெரிய நேரம். சிகாகோ கிடங்கில் பேலட் பிரித்து, சுங்கம் முடித்து, லாரி ஏறக் காத்திருக்கும் பெட்டிக்கு இது பெரும்பாலும் கணக்கிலேயே வராது. விடிகாலை வரிசைப்படுத்தலுக்குள் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டிய எக்ஸ்பிரஸ் பார்சல் என்றால் மட்டும் வேறு கதை.

விமானிகள் கணக்கும் இதில் சேர்கிறது. நேரே பறக்க நான்கு விமானிகள் வேண்டும், இருவர் ஓட்ட இருவர் படுக்கையில். ஆங்கரேஜில் குழு மாறினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைவான பேர் போதும். அதனால்தான் அந்த ஊரில் பெரிய சரக்கு நிறுவனங்களுக்கு விமானித் தளங்கள் இருக்கின்றன. ஆனால் ஓட்டல் அறை, ஓய்வு நேரம், அடுத்த விமானம் தாமதமானால் என்ன என்று தலைவலியும் கூடவே வரும். வாரத்துக்கு இரண்டே விமானம் ஓட்டும் சிறிய நிறுவனத்துக்குக் குழு மாற்றம் லாபம் தராது. தினமும் நான்கைந்து ஓட்டுகிறவருக்குத் தரும்.

2022-க்குப் பிறகு இன்னொரு வித்தியாசம் வந்தது. ரஷ்ய வான்வெளி அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய நிறுவனங்களுக்கு இல்லாமல் போனது. நூல் பிடித்துப் பார்த்த அந்த நேர்வழி சைபீரியா மேலேதானே போகிறது? அதைத் தவிர்த்தால் நேர்வழி கூடுதலாக நீளும். ஆங்கரேஜ் வழியும் ரஷ்யாவின் கம்சாட்கா தீபகற்பத்தைத் தவிர்த்து ஒதுங்கிப் போவதால் சற்று நீளும், ஆனால் அவ்வளவு இல்லை. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு ஆங்கரேஜ் "சுற்றுவழி" என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேடிக்கையான விஷயம், இதே கேள்விக்குப் பயணிகள் விமானங்கள் நேர் எதிரான பதிலைத் தேர்ந்தெடுத்தன. 1951-இல் திறந்த ஆங்கரேஜ் விமான நிலையம், 1957-இல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்ஏஎஸ் கோபன்ஹேகனிலிருந்து டோக்கியோவுக்குத் துருவ வழியில் பறக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு பெரிய சந்திப்பாக இருந்தது. சோவியத் வான்வெளி மூடிக் கிடந்த காலம் அது. ஐரோப்பாவிலிருந்து துருவ வழியில் ஜப்பான் போகும் விமானங்கள் பெரும்பாலும் இங்கே இறங்கித்தான் போயின. நள்ளிரவில் இறங்கிய ஜப்பானியப் பயணிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸ் சாப்பிட்ட கடை இன்றும் அந்தத் தலைமுறையின் நினைவில் இருக்கிறது. 1980-களின் கடைசியில் நிற்காமல் வெகுதூரம் பறக்கும் 747-400 வந்தது, சோவியத் வான்வெளி திறந்தது. சில ஆண்டுகளிலேயே அந்தப் பயணிகள் கூட்டம் கரைந்துபோனது.

பயணிகள் விட்டுப்போன இடத்தைச் சரக்கு நிரப்பியது. 400 பேரும் அவர்கள் பெட்டிகளும் சேர்ந்து 40 டன்தான், அதனால் எரிபொருளுக்கு இடம் தாராளமாக இருக்கும். 100 டன் சரக்குக்கு அந்த வசதி இல்லை. புதிய விமானங்கள் வந்தாலும் நிலைமை மாறப்போவதில்லை என்பது என் கணிப்பு. வரவிருக்கும் ஏர்பஸ் ஏ350 சரக்கு விமானம் 111 டன்னோடு 8,700 கிலோமீட்டர், போயிங் 777-8 சரக்கு விமானம் 112 டன்னோடு சுமார் 8,170 கிலோமீட்டர் என்றுதான் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். இரண்டுமே முழுப் பாரத்தோடு சிகாகோவை எட்டாது. இரண்டுமே ஆங்கரேஜை எட்டும். ஹாங்காங்–ஆங்கரேஜ் தூரத்தை அந்த இரண்டாம் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

வேறு இடத்தில் இறங்கலாமே என்று கேட்கலாம். இன்சியோனிலோ டோக்கியோவின் நரிதாவிலோ இறங்கினால் முதல் கட்டம் குட்டையாகவும் அடுத்த கட்டம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேலாகவும் போய்விடும், இறங்கிய பயனே இருக்காது. வான்கூவரும் சியாட்டிலும் ஆசியாவிலிருந்து மிகத் தள்ளி இருக்கின்றன. ஹோனலுலு வழியிலேயே இல்லை.

உண்மையான போட்டி ஃபேர்பேங்க்ஸ் மட்டுமே. ஆங்கரேஜுக்கு வடக்கே சுமார் 420 கிலோமீட்டரில் இருக்கும் அந்த நிலையமும் அதே அலாஸ்கா மாநில விமான நிலைய அமைப்புக்குச் சொந்தம். 3,600 மீட்டர் ரன்வே, நெரிசல் குறைவு. ஆனால் ஜனவரியில் மைனஸ் 40 டிகிரிக்குப் போகும் ஊர், பனிமூட்டம் உறைந்து நிற்கும். பக்கத்திலேயே இருந்த ஃபிளின்ட் ஹில்ஸ் சுத்திகரிப்பு ஆலை 2014-இல் மூடியபின் பெரிய எரிபொருள் ஆதாரம் ஒன்று போய்விட்டது. மெக்கானிக், உதிரிபாகம், விமானிகளுக்கான ஓட்டல் எல்லாம் ஆங்கரேஜில்தான் குவிந்திருக்கின்றன. ஃபேர்பேங்க்ஸை முதல் தேர்வாக வைக்க மாட்டேன். மாற்று நிலையமாக ஒவ்வொரு விமானத் திட்டத்திலும் எழுதி வைப்பேன். ஏன் என்று கீழே வருகிறது.

ஆங்கரேஜை எரிபொருள் நிறுத்தமாக மட்டும் பார்க்காமல் சரக்கு மாற்றும் மையமாகவும் பயன்படுத்தலாம் என்பது மூன்றாவது வழி. பொதுவாக ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம் அமெரிக்காவுக்குள் இரண்டு ஊர்களுக்கிடையே சரக்கு ஏற்ற முடியாது. 2003-இல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய விமானப் போக்குவரத்துச் சட்டத்தில், செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் முயற்சியால் அலாஸ்காவுக்கு மட்டும் ஒரு சலுகை வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கை இங்கே இன்னொரு விமானத்துக்கு, இன்னொரு நிறுவனத்துக்குக்கூட மாற்றலாம். சர்வதேசப் பயணம் தொடர்வதாகவே அது கருதப்படும். அவர் பெயரைத்தான் 2000-ஆம் ஆண்டிலிருந்து விமான நிலையம் தாங்கி நிற்கிறது.

காகிதத்தில் இது பிரமாதமான யோசனை. ஷாங்காய், தைபே, சியோல் என்று மூன்று ஊர்களிலிருந்து வரும் விமானங்கள் ஆங்கரேஜில் சந்தித்து, சிகாகோ சரக்கு ஒன்றிலும் டல்லஸ் சரக்கு மற்றொன்றிலுமாகப் பிரித்துக்கொண்டு போகலாம். ஃபெட்எக்ஸும் யூபிஎஸ்ஸும் தங்கள் சொந்த வலைப்பின்னலுக்குள் இதைத்தான் செய்கின்றன, அங்கேயே சுங்கமும் வரிசைப்படுத்தலும் நடக்கிறது. மற்றவர்கள் பெரும்பாலும் எரிபொருள் போட்டுக்கொண்டு போகிறார்கள். பேலட்டை இறக்கி ஏற்றக் கூரை வேண்டும், ஆள் வேண்டும், மருந்தும் மீனும் என்றால் குளிர்கிடங்கு வேண்டும். மூன்று விமானங்களின் நேரமும் ஒத்துவர வேண்டும், ஒன்று தாமதமானால் மற்ற இரண்டும் காத்து நிற்கும். வாரத்தில் போதுமான விமானங்கள் ஓட்டும் நிறுவனம் மட்டும் இதைத் தொடட்டும்.

உலகத் தரவரிசையில் ஆங்கரேஜின் எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 2021-இல் 35 லட்சம் டன்னுக்கு மேல் கையாண்டு ஹாங்காங், மெம்ஃபிஸ், ஷாங்காய்க்கு அடுத்து நான்காவது இடத்தில் இருந்தது. அந்தக் கணக்கில் விமானத்தை விட்டு இறங்காமலே கடந்துபோகும் சரக்கும் சேர்ந்திருக்கிறது. எண் பொய் என்று சொல்லவில்லை. ஆங்கரேஜின் வலிமை ரன்வேயிலும் எரிபொருளிலும் இருக்கிறது, கிடங்கில் இன்னும் முழுதாக வரவில்லை என்பதையே அது காட்டுகிறது.

இனி ஆபத்துகள். ஆங்கரேஜைத் தேர்ந்தெடுத்தால் எரிமலையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறீர்கள். 1989 டிசம்பர் 15 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த, டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் 747 ஒன்று ரெடவுட் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் நுழைந்து நான்கு எஞ்சின்களையும் இழந்தது. ஆயிரக்கணக்கான அடி விழுந்தபின் விமானிகள் எஞ்சின்களை மறுபடி உயிர்ப்பித்து ஆங்கரேஜில் பத்திரமாக இறக்கினார்கள். 1992-இல் ஸ்பர் மலை வெடித்து நகரத்தின் மேலேயே சாம்பல் கொட்டியபோது நிலையம் ஏறக்குறைய ஒரு நாள் மூடிக் கிடந்தது. 2009-இல் ரெடவுட் மறுபடியும் மூடவைத்தது. 2025-இன் தொடக்கத்தில் ஸ்பர் மலை உறுமத் தொடங்கியபோது எரிமலை ஆய்வகம் வெடிக்க வாய்ப்பு அதிகம் என்றே எச்சரித்தது, பிறகு அது அடங்கியது. நிலநடுக்கமும் உண்டு. 1964-இன் 9.2 அளவு நடுக்கத்தில் இந்த நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரமே சாய்ந்து ஒருவர் இறந்தார். 2018 நவம்பரில் 7.1 அளவில் வந்தபோது ரன்வேக்கள் தப்பின, சில மணி நேரத்தில் விமானங்கள் மறுபடி இறங்கின. ஃபேர்பேங்க்ஸை மாற்று நிலையமாக எழுதி வைப்பேன் என்றேனே, இதற்காகத்தான்.

பனியை நான் ஆபத்துப் பட்டியலில் வைக்க மாட்டேன். பனி அள்ளுவதில் அந்த ஊர்க்காரர்களுக்கு நிகரானவர்கள் குறைவு, அதற்கான விருதுகளைப் பலமுறை வாங்கியிருக்கிறார்கள். இறக்கையில் ஆரஞ்சு நிறத் திரவம் அடித்துப் பனியை உருக்கி, அதன்மேல் பச்சைத் திரவம் பூசி, அது வேலை செய்யும் நிமிடங்களுக்குள் விமானம் எழும்ப வேண்டும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நேர அட்டவணையில் இதற்கு இடம் விட்டுவிடுங்கள். அதைவிடக் கவலைக்குரியது ஆண்டின் கடைசி மூன்று மாத நெரிசல். பண்டிகைக் காலச் சரக்கு பெருகும்போது பெரிய விமானங்கள் நிற்க இடம் தட்டுப்படும். முன்பதிவு இல்லாமல் போய் நின்றால் இரண்டு மணி நேரம் நான்காகும்.

ஆங்கரேஜ் நகரத்துக்கு இந்த முடிவுகள் ஒவ்வொன்றும் சோற்றுப் பிரச்சினை. நகரின் வேலைகளில் பத்தில் ஒன்றாவது விமான நிலையத்தோடு தொடர்புடையது என்று அங்குள்ள ஆய்வுகள் சொல்கின்றன. தரையிறங்கும் கட்டணத்தில் பெரும்பங்கைச் சரக்கு விமானங்கள் கொடுப்பதால், ஆண்டுக்கு ஐம்பது லட்சத்தைத் தாண்டும் பயணிகளின் மேல் சுமை குறைகிறது. அலாஸ்காவின் பெரும்பாலான ஊர்களுக்குச் சாலையே கிடையாது. ஹாங்காங்கிலிருந்து போன்களோடு 747 இறங்கும் அதே நிலையத்திலிருந்து, பெத்தல் போன்ற ஊர்களுக்குப் பால் பவுடரும் குழந்தைகளின் டயப்பரும் ஏற்றிய உள்ளூர் விமானங்கள் கிளம்புகின்றன. 2020 ஏப்ரலில் உலகமே முடங்கிக் கிடந்தபோது ஒரு நாள் இந்த நிலையம் உலகிலேயே அதிக விமானங்கள் வந்துபோன நிலையமாக இருந்தது. மனது நெகிழ்ந்துதான் அந்தச் செய்தியைப் படித்தேன். முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் இந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

இணையக் கடைப் பார்சல்களுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த சுங்கவரி விலக்கு 2025 மே மாதம் சீனச் சரக்குக்கும், ஆகஸ்டில் எல்லா நாடுகளுக்கும் முடிவுக்கு வந்தது. லேசான சரக்கை நம்பி நேர்வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதை இன்னொருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். பார்சல் குறைந்து சர்வர் பெட்டிகளும் இயந்திரங்களும் கூடினால் சரக்கின் சராசரி அடர்த்தி ஏறும், ஆங்கரேஜின் பலமும் ஏறும்.

என்னைக் கேட்டால், வாரம் ஏழு விமானம் ஓட்டும் ஒருவர் ஐந்தை ஆங்கரேஜ் வழியாக வைக்கட்டும், பார்சல் மிகுந்து வரும் இரண்டை மட்டும் 777-இல் நேரே அனுப்பட்டும். கன மீட்டருக்கு 125 கிலோவுக்கு மேல் சராசரி வந்தால் அந்த இரண்டையும் ஆங்கரேஜ் வழிக்கே மாற்றிவிடலாம். 747 என்றால் யோசிக்கவே வேண்டாம், எல்லாமே ஆங்கரேஜ்.

திரும்பும் பயணத்தில் எடை பிரச்சினை இல்லை, அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்குச் சரக்கு எப்போதும் குறைவு. ஆனால் காற்று எதிரே வரும், பயணம் நீளும். அப்போதும் ஆங்கரேஜில் இறங்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கோடையில் அலாஸ்காவின் சால்மனும், ஈரம் காயாமல் பெட்டியில் அடைத்த உயிர் நண்டும் சியோலுக்கும் ஷாங்காய்க்கும் போக இடம் தேடி அங்கே நிற்கும். காலியாகத் திரும்பும் பேலட் இடத்துக்கு அதைவிட நல்ல வாடிக்கையாளர் அந்த வழியில் வேறு யாரும் இல்லை. ஒப்பந்தம் பேசும்போதே அந்த இடத்தை ஒதுக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.